எல்லாம் 'பிடி'தானா, நண்பர்களே?

ஒரு சின்னச் சோதனை. கேட்ச், கிராப், சீஸ், ஸ்னாட்ச், கிரிப், கிராஸ்ப், கிளட்ச், கேப்சர், அரெஸ்ட். இந்த ஒன்பது ஆங்கில வார்த்தைகளையும் உங்கள் பெட்டியில் கிடக்கும் கையடக்க அகராதியிலோ, கைப்பேசியிலோ தேடிப் பாருங்கள். என்ன வருகிறது? பிடி, பற்று, கைப்பற்று, இறுகப் பிடி, பிடித்துக்கொள். சுற்றிச் சுற்றி ஒரே தெருவில்தான் வந்து நிற்கிறோம்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இங்கே வந்து தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்களோடு மல்லுக்கட்டும் நம்மில் பலர் அதோடு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். "இங்கிலீஷ்காரனுக்கு வேற வேலை இல்லடா மச்சான். ஒரு அர்த்தத்துக்கு ஒன்பது வார்த்தை வச்சிருக்கான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, ஒன்பதையும் மனப்பாடம் செய்து, பரீட்சை ஹாலை விட்டு வெளியே வரும்போதே மறந்தும் விடுகிறோம்.

அந்தத் தீர்ப்பு தப்பு என்பதே என் கட்சி. ஒன்பது வார்த்தையும் ஒன்பது வேலை. ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வாக்கியம் மட்டும் கெடாது. வேலை கெடும், சில இடங்களில் உரிமையும் போகும். இன்னொரு விஷயம்: இந்த வித்தியாசங்களைத் தெரிந்துகொள்ள நாம் ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டாம், ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்கு வீட்டில் பணம் கேட்க வேண்டாம். நம்ம ஒர்க்‌ஷாப்பிலும், லேபிலும், செய்தித்தாளிலும், கிரிக்கெட் மைதானத்திலும் அவை ஏற்கனவே கிடக்கின்றன. குனிந்து எடுக்கத்தான் ஆளில்லை.

முதலில் நம் வீட்டுக் கணக்கு

தமிழில் மட்டும் என்ன வாழுதாம்? 'பிடி' என்கிற ஒரே வினையை வைத்துக்கொண்டு நாம் ஆடாத ஆட்டமா? பஸ் பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், அடம் பிடிக்கிறோம். இரும்பில் துரு பிடிக்கிறது, நெஞ்சில் சளி பிடிக்கிறது. மெஸ் சாம்பார் யாருக்கும் பிடிப்பதில்லை. இன்டர்னல் மார்க்குக்காகச் சிலர் காக்கா பிடிக்கிறார்கள். யார் என்று மட்டும் கேட்காதீர்கள்; இந்த மலரை அவர்களும் படிப்பார்கள்!

இத்தனை 'பிடி'யில் எதிலாவது நமக்குக் குழப்பம் வந்திருக்கிறதா? வந்ததே இல்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தவுடனே பொருள் விளங்கிவிடுகிறது. அது போதாதென்று தனித்தனிச் சொற்களும் வைத்திருக்கிறோம். வாயால் பிடித்தால் கவ்வுவது. வேகமாக இழுத்தால் பறிப்பது. அடுத்தவன் சொத்தை வளைத்துப்போட்டால் அபகரிப்பது. அலங்காநல்லூரில் நடப்பதைப் பழந்தமிழ் ஏறு தழுவுதல் என்றது. மதுரைப் பக்கத்தில் இன்றைக்கும் 'மாடு அணையிறது' என்கிறார்கள். திமிலைக் கட்டிக்கொண்டு மாட்டோடு கூடவே ஓடுகிறானே, அதைப் பறிப்பது என்றோ கவ்வுவது என்றோ யாராவது சொல்வோமா? மாட்டோம். இவ்வளவு நுணுக்கம் நாக்கில் ஊறிய ஆளுக்கு ஆங்கில நுணுக்கம் மட்டும் எட்டாமலா போய்விடும்?

என் அனுபவத்தில் ஐந்து கேள்வி கேட்டால் போதும். பிடிபடும் பொருள் ஓடுகிறதா, நிற்கிறதா? பிடிப்பது எவ்வளவு வேகம்? எதிர்ப்பு இருக்கிறதா? பிடிக்கிறவனுக்கு உரிமை இருக்கிறதா? பிடித்த பிறகு எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறான்? இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், வாருங்கள்.

ஓடுவதைப் பிடிப்பது

கேட்ச் என்ற சொல்லும், துரத்துவது என்று பொருள்படும் சேஸ் என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரில் இருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை. அண்ணன் தம்பி என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் கேட்ச் என்றாலே பெரும்பாலும் அங்கே ஒரு ஓட்டம் இருக்கும். பறந்து வரும் பந்து, கிளம்பும் பஸ், ஓடும் திருடன், நழுவும் மீன். மேஜை மேல் சும்மா இருக்கும் ஸ்பேனரை யாரும் கேட்ச் செய்வதில்லை; எடுக்கிறோம், அவ்வளவுதான். தூக்கிப்போட்டால்தான் கேட்ச். (ஒர்க்‌ஷாப்பில் தூக்கிப்போடக் கூடாது என்பது வேறு விஷயம்.)

பந்து கையில் பட்டுவிட்டால் கேட்ச் ஆகிவிடுமா? கிரிக்கெட் விதி ஆகாது என்கிறது. பந்தின் மேலும், தன் உடம்பின் அசைவின் மேலும் ஃபீல்டருக்கு முழுக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் கேட்ச் முடிந்ததாகக் கணக்கு. 1999 உலகக் கோப்பையில், ஜூன் 13 அன்று, ஹெடிங்லி மைதானத்தில் தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷல் கிப்ஸ் என்ன செய்தார்? 56 ரன்னில் இருந்த ஸ்டீவ் வா கொடுத்த பந்து கைக்கு வந்துவிட்டது. சந்தோஷத்தில் அதை மேலே எறியப் போன அவசரத்தில் நழுவ விட்டார். வா 120 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஆஸ்திரேலியா அந்த ஆட்டத்தை வென்றது, கடைசியில் கோப்பையையும் வென்றது. தொட்டதற்கும் பிடித்ததற்கும் நடுவே உள்ள தூரம் ஒரு நொடிகூட இல்லை. ஆனால் அந்த நொடிக்குள்தான் சொல்லின் பொருளே இருக்கிறது.

ஸ்னாட்ச் வேறு ரகம். அதில் வேகமும் திடுக்கென்ற இழுப்பும் முக்கியம். பளு தூக்குதலில் ஸ்னாட்ச் என்றால் தரையில் இருக்கும் பாரத்தை நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் தோளில் வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம்ம வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்னாட்சில் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ. அதே மனிதர், அதே கை; ஆனால் 30 கிலோ குறைவு. ஒரே இழுப்பு என்பதற்கு அவ்வளவு விலை.

தெருவில் நடக்கும் செயின் ஸ்னாட்சிங்கும் அதே இழுப்புதான். சட்டம்கூட இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-ஆவது பிரிவு ஸ்னாட்சிங்கைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. தூங்கும் வீட்டில் நகையைத் திருடுவது வேறு, நடந்து போகிறவர் கழுத்தில் இருந்து திடீரென இழுப்பது வேறு. அந்தப் பிரிவின் ஆங்கில மூலத்தைப் பாருங்கள்: சீஸ், கிராப் என்று நம்ம பட்டியலில் உள்ள சொற்களே வரிசையாக வருகின்றன. அகராதியில் ஒரே பொருள் என்று நாம் ஒதுக்கியவற்றைச் சட்டம் எழுதியவர்கள் ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று விடவில்லை. எதுவும் தப்பிக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

கிராப் என்பதில் பேராசையும் முரட்டுத்தனமும் கலந்திருக்கும். பந்தியில் அடுத்தவன் இலைக்கு வர வேண்டிய அப்பளத்தை நாம் எடுப்பது கிராப். துறைமுகத்தில் நிலக்கரியைக் கொத்தாக அள்ளும் கிரேன் வாளிக்கும் கிராப் என்றே பெயர். செய்தித்தாளில் நிலம் சம்பந்தமாக வரும் மூன்று சொற்களைப் பாருங்கள். அரசு சட்டப்படி, இழப்பீடு கொடுத்து எடுத்தால் அக்விசிஷன், தமிழில் கையகப்படுத்துதல். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2013-இல் வந்த சட்டம் அதற்குத்தான். வாய்க்கால் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக வேலியைத் தள்ளிப்போட்டால் என்க்ரோச்மென்ட், தமிழில் ஆக்கிரமிப்பு. மிரட்டியோ போலிப் பத்திரம் போட்டோ வளைத்தால் லேண்ட் கிராபிங், தமிழில் அபகரிப்பு. 2011-இல் தமிழகக் காவல் துறையில் தனிப் பிரிவுகளே அதற்காக அமைக்கப்பட்டன. நிலம் ஒன்றுதான், எடுப்பதும் ஒன்றுதான். உரிமை என்கிற ஒரு கேள்வியில்தான் மூன்று சொல்லும் பிரிகின்றன. ஊரில் பேப்பர் படிக்கும் தாத்தாவுக்கு இந்த மூன்றும் தமிழில் அத்துப்படி. நமக்கு ஏன் ஆங்கிலத்தில் வராது?

கையில் இருக்கும் பிடி

இனி ஒர்க்‌ஷாப்புக்குள் போவோம். முதல் வருஷம் எந்தப் பிரிவாக இருந்தாலும் ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் தேய்க்காமல் யாரும் தப்பவில்லை. வைஸில் மாட்டிய வேலைத்துண்டு வழுக்காமல் நிற்கிறதே, அதுதான் கிரிப். இங்கே ஓட்டம் இல்லை, வேகமும் இல்லை. உராய்வும் அழுத்தமும்தான். டயருக்கு ரோட்டில் கிரிப், சுத்தியல் பிடிக்குக் கையில் கிரிப். வழுக்கக் கூடாது என்பதே அந்தச் சொல்லின் ஒரே கவலை.

கிராஸ்ப் என்பது விரல்கள் வளைந்து பொருளை முழுதாகச் சுற்றிக்கொள்வது. அதே சொல்லை மூளைக்கும் சொல்கிறார்கள். சர்க்யூட்டைக் கிராஸ்ப் செய்தான் என்றால் அது அவனுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. கிரிப்புக்கு உராய்வு எப்படியோ, கிராஸ்ப்புக்கு இந்தச் சுற்றி வளைத்தல் அப்படி.

கிளட்ச்சில் பயம் இருக்கிறது. கூட்டமான பஸ்ஸில் பாட்டி பர்ஸை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறாளே, அது கிளட்ச். வெள்ளத்தில் போகிறவன் கையில் கிடைத்த நாணலைப் பிடிப்பதும் கிளட்ச். வண்டியில் உள்ள கிளட்சுக்கு அந்தப் பயம் கிடையாது. அதன் சாமர்த்தியமே பிடிப்பதிலும் விடுவதிலும் இருக்கிறது. எந்நேரமும் பிடித்தபடியே இருக்கும் கிளட்சை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டிப் பாருங்கள், தெரியும்!

கேப்சரில் எதிர்ப்பு இருக்க வேண்டும். 1999 ஜூலையில் கார்கிலில் நம் வீரர்கள் டைகர் ஹில்லைக் கைப்பற்றினார்கள், அது கேப்சர். செஸ்ஸில் எதிராளியின் குதிரையை வெட்டினால் அதுவும் கேப்சர். சும்மா இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் அது கேப்சர் ஆகாது.

சீஸ்: ஷெட்டிலும் சட்டத்திலும்

எனக்கு மிகவும் பிடித்த சொல் சீஸ். மெக்கானிக் ஷெட்டில் பள்ளிக்கூடமே போகாத அண்ணன்கூட "இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு தம்பி" என்கிறார். அவர் சொல்வதுதான் துல்லியம். எண்ணெய்ப் படலம் போய், சூடேறி, பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரோடு கவ்விக்கொண்டுவிட்டது. உலோகத்தை உலோகம் பிடித்துக்கொண்டது. இனி பிரிக்காமல் அது ஓடாது.

ஜாம் என்பது அப்படி அல்ல. நடுவில் ஏதோ சிக்கியிருக்கிறது. எடுத்துப் போட்டால் ஓடும். இப்போது ஒரு தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிப்ட் ஆள் லாக் புக்கில் 'பேரிங் சீஸ்டு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பேரிங் ஜாம்டு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். காலையில் வந்தவர் என்ன செய்வார்? சிக்கியதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார். மேலோட்டமாகத் துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுவார். மோட்டார் திணறும், ஃபியூஸ் போகும், அல்லது வைண்டிங் புகையும். எழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியுமா? ஸ்பெல்லிங் இரண்டும் சரி. சொல்தான் தப்பு.

இதே சீஸ் சட்டத்துக்குள் போனால் வேறு முகம் காட்டும். பழைய பிரெஞ்சில் இந்தச் சொல் நிலத்தின் மேல் ஒருவருக்குச் சட்டப்படி உடைமை கொடுப்பதைக் குறித்தது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. சட்டத்தில் சீஸ் என்றால் பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர் எடுப்பது. திருச்சி விமான நிலையத்தில் தங்கம் பிடித்தார்கள் என்றால் மறுநாள் பேப்பரில் பறிமுதல் என்று போடுகிறார்கள். ஆனால் 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் இரண்டு படிகள் வைத்திருக்கிறது. முதல் நாள் நடப்பது சீஸ். இது பறிமுதலுக்கு உரிய பொருள் என்று அதிகாரி நம்பக் காரணம் இருந்தால் 110-ஆவது பிரிவின்படி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பொருள் இன்னும் அரசுக்குச் சொந்தம் ஆகவில்லை. அதற்குப் பிறகு 124-ஆவது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, உத்தரவு போட்டால்தான் கான்ஃபிஸ்கேஷன். அப்போதுதான் பொருள் அரசுக்குப் போய்ச் சேர்கிறது. நோட்டீஸ் தர ஆறு மாதம் கெடு. உரிய உத்தரவோடு இன்னும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். அதுவும் தாண்டினால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது.

தமிழில் இரண்டுக்கும் பறிமுதல் என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் நாளே எல்லாம் முடிந்துபோச்சு என்று சாமானியன் வீட்டுக்குப் போய்விடுவான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க மாட்டான். சொல் தெரியாததால் உரிமை போகிறது என்று நான் ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

நமக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமா? பைக் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும். மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 207-ஆவது பிரிவு, பதிவோ பெர்மிட்டோ இல்லாமல் ஓடும் வண்டியை அதிகாரி சீஸ் செய்து டிடெயின் செய்யலாம் என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. சீஸ் என்பது எடுப்பது. டிடெயின் என்பது போகவிடாமல் வைத்திருப்பது. எடுக்கிற நொடி ஒன்று, வைத்திருக்கிற காலம் இன்னொன்று.

நிறுத்துவதும் ஒரு பிடிதான்

அரெஸ்ட் என்றவுடன் நமக்குக் கைவிலங்குதான் ஞாபகம் வரும். அந்தச் சொல்லின் உயிர் 'நிறுத்து' என்பதில் இருக்கிறது. சப்ஸ்டேஷனில் நிற்கும் லைட்னிங் அரெஸ்டர் மின்னலைப் பிடித்துப் பெட்டியில் போட்டு வைப்பதில்லை. பாய்ந்து வரும் மிகை மின்னழுத்தத்தைத் தரைக்கு இறக்கி, அது டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகாமல் நிறுத்துகிறது. உயரத்தில் வேலை செய்கிறவர் மாட்டும் ஃபால் அரெஸ்ட் பெல்ட் விழுவதை நிறுத்துகிறது. கார்டியாக் அரெஸ்ட் என்றால் இதயம் நின்றுபோனது. தொழிற்சாலையில் லீக்கை அரெஸ்ட் பண்ணு என்று சூப்பர்வைசர் சொன்னால், ஒழுகும் எண்ணெய்க்குக் கீழே வாளி வைத்துப் பிடிப்பது இல்லை, ஒழுகலையே அடைப்பது. 'பிடி' என்று மட்டும் படித்த பையன் வாளியோடு போய் நிற்பான். சிரிக்காதீர்கள், அவனுக்கு அகராதி சொன்னது அதுதானே!

அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரெஸ்ட் செய்யப்பட்டவரைக் காரணம் சொல்லாமல் டிடெயின் செய்து வைக்கக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நிறுத்துவது ஒரு செயல், வைத்திருப்பது இன்னொரு செயல். ஒன்றுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதற்காக இன்னொன்றுக்குக் கணக்கில்லாமல் அதிகாரம் வந்துவிடாது. இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு குடிமகனின் சுதந்திரமே இருக்கிறது. அட்டெண்டன்ஸ் குறைந்து டிடெயின் ஆனவர்களுக்கு இந்தச் சொல்லின் வலி தனியாக விளக்கத் தேவையில்லை!

நம்ம சிலபஸில் ஒளிந்திருக்கும் பாடம்

இப்போது என் பிரிவுக்கு வருகிறேன். போன செமஸ்டர் வைவாவில் என் பெஞ்ச் நண்பனிடம் ஒரு கேள்வி வந்தது. எஸ்.சி.ஆரில் லேட்சிங் கரண்ட் எது, ஹோல்டிங் கரண்ட் எது? அவன் கெட்டிக்காரன், சர்க்யூட் எல்லாம் தண்ணி பட்ட பாடு. "ரெண்டும் ஒண்ணுதான் சார், பிடிச்சு வச்சுக்குற கரண்ட்" என்றான். மார்க் போயிற்று.

அவனுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாமலா போயிற்று? லேட்ச், ஹோல்ட் என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. கதவை நினைத்துக்கொள்ளுங்கள். தானாக விழும் தாழ்ப்பாள் உள்ள கதவு. டக்கென்று தாழ் விழும் வரை அழுத்தித் தள்ள வேண்டும், அது லேட்ச். விழுந்த பிறகு கதவை அப்படியே நிறுத்தி வைக்கக் கொஞ்சம் பலம் போதும், அது ஹோல்ட். எஸ்.சி.ஆரும் அதே கதைதான். கேட் பல்ஸை எடுத்த பிறகும் ஆன் நிலையிலேயே நிற்க வேண்டுமென்றால் ஆனோடு கரண்ட் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருக்க வேண்டும். அது லேட்சிங் கரண்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த அளவுக்குக் கீழே குறைந்தால் அணைந்துவிடுமோ, அது ஹோல்டிங் கரண்ட். லேட்சிங் எப்போதும் ஹோல்டிங்கை விட அதிகம்.

இதே விஷயம் பேஸ் லாக்டு லூப்பிலும் வருகிறது. 565 ஐ.சி.யை வைத்து லேபில் செய்தோமே, அதுதான். லூப் புதிதாக ஒரு அலைவரிசையைத் தேடிப் பிடிக்கக்கூடிய எல்லை கேப்சர் ரேஞ்ச். ஒருமுறை பிடித்த பின் விடாமல் பின்தொடரக்கூடிய எல்லை லாக் ரேஞ்ச். கேப்சர் ரேஞ்ச் ஒருபோதும் லாக் ரேஞ்சைத் தாண்டாது. அதாவது, புதிதாகப் பிடிப்பது கடினம், பிடித்ததை வைத்திருப்பது அதைவிடச் சுலபம். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் அகராதியில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்து எடுக்கவில்லை. சொல்லின் நிழலைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். சொல் புரிந்தால் பாதித் தத்துவம் அங்கேயே புரிந்துவிடுகிறது. மனப்பாடம் செய்தவனுக்கோ இரண்டு பெயரும் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி இடம் மாறிப்போகிறது.

"இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "சொல் ஆராய்ச்சி எல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ் வேலை. நமக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா போதும்" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சொல்வார்கள். அவர்களிடம் ஒரே கேள்வி: பதினாறாம் நம்பர் ஸ்பேனர் வேண்டிய நட்டுக்குப் பதினேழைப் போடுவீர்களா? போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும் என்று சண்டைக்கு வருவீர்கள் அல்லவா? ஒரு மில்லிமீட்டருக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கும் நாம், சொல்லுக்கு மட்டும் ஏன் 'ஏதோ ஒண்ணு' என்கிறோம்?

இன்னொரு பக்கம், "அப்படின்னா தமிழ்ல படிச்சது தப்புங்கிறியா?" என்று கோபப்படும் நண்பர்களும் உண்டு. நான் சொல்வது அதற்கு நேர் எதிர். தமிழில் படித்தது நம் பலம். கவ்வு, பறி, அபகரி, அணை, கையகப்படுத்து என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட மூளை நம்முடையது. அந்த மூளையைப் பூட்டி வைத்துவிட்டு, 'ஒரு வார்த்தை, ஒரு அர்த்தம்' என்று இரண்டு பத்தியாகக் கோடு போட்டு நெட்டுருப் போட வைப்பதுதான் தப்பு. ஆங்கிலம் வராது என்று சொல்லிச் சொல்லியே இன்டர்வியூவில் வாயைத் திறக்காமல் வருகிற நண்பர்களை நான் பார்க்கிறேன். கையில் தொழில் இருக்கிறது, தலையில் விஷயம் இருக்கிறது. சொல் நழுவிவிடுமோ என்ற பயம் மட்டும்தான் தடை. அந்தப் பயத்துக்கு மருந்து இன்னொரு ஐந்நூறு வார்த்தை அல்ல. தெரிந்த ஐம்பது வார்த்தையைச் சரியான இடத்தில் வைக்கிற தைரியம்.

அதனால் மூன்று யோசனைகள். ஒன்று: ஒரு நோட்டு போடுங்கள். அதில் சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருளை மட்டும் எழுதாமல், அந்தச் சொல்லை எந்த மெஷினில், எந்தச் சட்டத்தில், எந்த ஆட்டத்தில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். சீஸ் என்றால் பிஸ்டன். அரெஸ்ட் என்றால் மின்னல் கம்பம். லேட்ச் என்றால் கதவு. இரண்டு: ஒரே அர்த்தம் போலத் தெரியும் இரண்டு சொல் வந்தால், மேலே சொன்ன ஐந்து கேள்வியையும் கேளுங்கள். ஓட்டம், வேகம், எதிர்ப்பு, உரிமை, நேரம். ஏதாவது ஒன்றில் கட்டாயம் பிரியும். மூன்று: ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். புதுப் பெயர் ஒன்றைக் கரும்பலகையில் எழுதும்போது, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஒரு நிமிஷம் சொல்லுங்கள் சார். டெரிவேஷனைவிட அது எங்களுக்கு அதிக நாள் நிற்கும்.

பிடிபட வேண்டியது

முடிப்பதற்கு முன் இன்னும் ஒரே ஒரு சொல். பிடித்தல் என்று பொருள்படும் ஒரு லத்தீன் வினையில் இருந்து ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே வந்திருக்கிறது. போலீஸ் பிடிப்பது அப்ரிஹென்ட். பிடித்துப் போடும் இடம் பிரிசன். பாடம் புரிந்துகொள்வது காம்ப்ரிஹென்ட். அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு பிள்ளையின் பெயர் அப்ரெண்டிஸ்!

ஆமாம் நண்பர்களே, 1961-ஆம் ஆண்டுச் சட்டமாக வந்து, 1973-இல் திருத்தப்பட்டு டிப்ளமோக்காரர்களுக்கும் கதவு திறந்ததே, அதே அப்ரெண்டிஸ்தான். நாளைக்கு நம்மில் பலருக்கு முதல் அடையாள அட்டையில் வரப்போகும் அதே சொல். அதன் அர்த்தம் எடுபிடி என்பதல்ல. தொழிலைப் பிடித்துக்கொள்கிறவன் என்பது. தமிழும் இதைத்தான் வேறு வழியில் சொல்லி வைத்திருக்கிறது. திருடன் அகப்பட்டாலும் பிடிபட்டான் என்கிறோம். கணக்குப் புரிந்தாலும் பிடிபட்டுச்சு என்கிறோம். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் இரண்டு மொழிகள், பிடிப்பதையும் புரிவதையும் ஒரே முடிச்சில் போட்டு வைத்திருக்கின்றன.

ஆகவே, இனிமேல் ஒரு சொல் எதிரே வந்தால் அதை ஸ்னாட்ச் செய்து ஓடாதீர்கள். பரீட்சைக்காகக் கிளட்ச் செய்து நெஞ்சில் வைத்துப் பயப்படாதீர்கள். நிதானமாகச் சுற்றி வளைத்துக் கிராஸ்ப் செய்யுங்கள். பிடிபட்ட சொல் பிறகு உங்களை விட்டு எங்கேயும் போகாது!

— மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு